கதிர்வீச்சுக்குப் பிறகு யார் பொறுப்பு?

மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. 1962 முதல் அது பிரதமரின் நேரடிப் பொறுப்பிலுள்ள அணுசக்தித் துறையைச் சார்ந்தது. புற்றுநோய்த் தடுப்பு பற்றிய கேள்வியோ சுகாதார அமைச்சருக்குப் போகிறது. இவ்விரு துறைகளுக்கும் நடுவே கவனிப்பாரற்று நிற்கும் நோயாளிகள் சிலர் உண்டு. தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றுக் குணமாகி, பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வேறொரு கட்டி தோன்றப் பெற்றவர்கள் அவர்கள்.

இது பழைய நோய் திரும்புவதன்று. கதிர்வீச்சு பட்ட திசுவில் புதிதாக எழும் புற்று. சில வேளைகளில் சார்கோமா எனும் முரட்டு வகை. கதிர்வீச்சு பட்ட இடம், நீண்ட இடைவெளி, முதல் கட்டியினின்று மாறுபட்ட திசு அமைப்பு என 1948இல் அமெரிக்க மருத்துவர் கேஹன் குழுவினர் வகுத்த அளவுகோல்கள் திருத்தங்களுடன் இன்றும் பயன்படுகின்றன.

மிக அபூர்வமானது என்பதால் கதிர்வீச்சைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அது காத்த உயிர்களே அதிகம். ஆனால் அபூர்வம் என்பதாலேயே இது கண்ணுக்குத் தப்புகிறது. குரல் கம்முவதும் விழுங்கச் சிரமப்படுவதும் பழைய சிகிச்சையின் பின்விளைவாகவே கருதப்பட்டுவிடும். அதே இடத்தில் மீண்டும் கதிர்வீச்சு செலுத்துவது கடினம். அறுவை சிகிச்சைக்கோ கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிய வேண்டும்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் தமிழர்களுக்குப் பரேல் எட்டும் தொலைவுதான். பத்து ஆண்டு கழித்து அவர்கள் எங்கே இருப்பார்கள்? நெல்லைச் சீமைக்குத் திரும்பிய முதியவர், உள்ளூர் மருத்துவரிடம் 'பம்பாயில் கரண்ட் வைத்தார்கள்' என்று மட்டுமே சொல்வார். எந்தப் பகுதியில், எத்தனை கிரே, எந்த ஆண்டு? பழைய தாளைத் தேடி எடுப்பது எளிதன்று. மறுசீரமைப்பில் தாராவியின் முகவரிகளே மாறவிருக்கின்றன.

புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்குமாறு 2022இல் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். ஆனால் அது புதிய நோயாளியை எண்ணும், குணமானவரைப் பின்தொடராது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபாட்ரான் கதிர்வீச்சுக் கருவியை உருவாக்கியதும் இதே அணுசக்தித் துறைதான். கருவியும் மருத்துவமனையும் ஒரே கையில் இருக்க, சிகிச்சை முடித்தவர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் கதிர்வீச்சு அட்டை வழங்கப் புதிய சட்டம் எதற்கு? இத்தகைய இரண்டாம் கட்டிகளின் கணக்கு எந்தத் துறையிடம் உள்ளது என்று தமிழக உறுப்பினர் எவரேனும் எழுத்து மூலம் கேட்கலாம். கேள்வியைச் சுகாதார அமைச்சருக்கு அல்ல, பிரதமருக்கே அனுப்ப வேண்டும்.