எந்த வாள் நல்ல வாள்?

அந்தக் கொல்லனின் காலில் சங்கிலி. பெயர் ஹியூக். பட்டறையை விட்டு அசைய முடியாத அவருக்கு எதிரே வந்து நிற்கும் ஆட்டக்காரரின் கையில் இருப்பது ஒரே ஒரு கல். ஒரு ஆயுதத்தை அதன் கடைசிப் படியான 25-ஆம் படிக்கு ஏற்றிவிடக்கூடிய கல். பையிலோ கத்தி, கோடரி, ஈட்டி, சம்மட்டி என்று ஒரு குவியல். எதற்குக் கொடுப்பது? மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஒருவனை மட்டுமே கல்லூரிக்கு அனுப்பப் பணம் வைத்திருக்கும் தகப்பனின் நிலைதான். பல ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

டோக்கியோவின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரி 25-இல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' வீடியோ கேமில் நடக்கிற காட்சி இது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. இந்த உலகத்தின் பழங்கதையை எழுதித் தந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். மூன்று வாரம் முடிவதற்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின. ஆட்டத்தில் உள்ள ஆயுதங்கள் 300-க்கும் மேல். அத்தனையையும் ஒரே ஆட்டத்தில் உரசிப் பார்க்க வேலைவெட்டி உள்ள யாராலும் முடியாது. எனவே முதல் வாரத்திலேயே பட்டியல்கள் கிளம்பின. சிறந்த 10 வாள்கள், சிறந்த 5 ஈட்டிகள், இதை எடுத்தால் போதும், அதைத் தொடவே தொடாதே. கல்யாணத் தரகர் வைத்திருக்கும் ஜாதகக் கட்டு மாதிரி.

பட்டியலை நம்பியவர்களுக்கு மார்ச் 17-ஆம் தேதி பேரிடி. நிறுவனம் அன்று வெளியிட்ட திருத்தத்தில், 'ஸ்வோர்ட் ஆஃப் நைட் அண்ட் ஃப்ளேம்' என்ற வாளின் மந்திர வீச்சு மட்டுப்படுத்தப்பட்டது. தரையை மிதித்தால் பனிக்கட்டி வெடித்துக் கிளம்பும் 'ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப்' வித்தையும் தப்பவில்லை. இரண்டும் எல்லாப் பட்டியல்களிலும் முன்வரிசையில் இருந்தவை. முந்தைய இரவு ஒரு டிராகனைச் சுலபமாகச் சாய்த்தவர், மறுநாள் அதே வாளுடன் போய் அதே போன்ற டிராகனிடம் மிதிபட்டார். காசு கொடுத்து வாங்கிய பொருளை, வீட்டுக்குள் வந்து யாரோ ராத்திரியில் மழுக்கிவிட்டுப் போனது போன்ற கோபம். இந்தக் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

'சிறந்த ஆயுதம்' என்ற கேள்விக்கே அரை நூற்றாண்டு வயதாகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டில்தான் இந்த வகை ஆட்டங்கள் அத்தனைக்கும் வேர். அதன் முதல் விதிப் புத்தகத்தில் எந்த ஆயுதத்தால் அடித்தாலும் உருட்ட வேண்டியது ஒரே ஆறுமுகப் பகடைதான். பேனாக்கத்திக்கும் பெரிய வாளுக்கும் காயத்தில் வித்தியாசம் கிடையாது. யாரும் ஆயுதத்துக்காகச் சண்டை போட்டிருக்க முடியாது. மறு வருடம் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூல், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் வேறுவேறு பகடை என்று விதியை மாற்றியது. அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

எல்டன் ரிங்கில் பகடை இல்லை; அதைவிடச் சிக்கலான ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு போல எழுத்துகள்: எஸ், ஏ, பி, சி, டி, ஈ. ஆட்டக்காரரின் உடல் வலிமை, கை லாகவம், அறிவு, பக்தி, மாயம் ஆகிய ஐந்து குணங்களில் எது ஏறினால் ஆயுதத்தின் அடிபலம் எவ்வளவு ஏறும் என்பதை அந்த எழுத்துகள் சொல்கின்றன. வலிமைக்கு 'ஏ' வாங்கிய சம்மட்டி, அறிவை மட்டும் வளர்த்துக்கொண்ட மந்திரவாதியின் கையில் வெறும் இரும்பு. ஆகவே ஆயுதத்தைத் தனியாக வைத்து நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது. யார் கையில் என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காத பட்டியல்கள்தான் அதிகம்.

எடையும் ஒரு சங்கதி. 'கிரேட்ஸ்வோர்ட்' என்ற ராட்சத வாளின் எடை 23. சாமுராய் வேடத்தில் தொடங்குபவரின் கையில் முதலிலேயே இருக்கும் 'உச்சிகத்தானா'வின் எடை 5.5. சுமக்கும் திறனில் 70 சதவீதத்தைத் தாண்டினால், எதிரியின் அடியிலிருந்து உருண்டு தப்பும் வித்தை, மூட்டை உருள்வதைப் போல ஆகிவிடும். அந்தப் பெரிய வாள் கேட்கும் வலிமை 31. ஆனால் 21 இருப்பவரும் அதை இரண்டு கைகளாலும் பிடித்தால் வீசிவிடலாம். இரு கைப் பிடிக்கு வலிமை ஒன்றரை மடங்கு என்பது விதி. கேடயத்துக்குத்தான் கை மிஞ்சாது.

திரையில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். ஒரு வாள் 300 உலோக வெட்டும் 300 மந்திர வெட்டும் சேர்த்து 600 தருகிறது. இன்னொன்று வெறும் உலோகத்தால் 550. முதலாவதுதானே மேல்? பெரும்பாலும் இல்லை. எதிரியின் தற்காப்பு இரண்டு வகை வெட்டையும் தனித்தனியாகக் கழிக்கும். ஒரே சம்பளத்தில் இரண்டு தடவை வரி பிடிப்பது போல. மந்திரத்துக்கு அசராத எதிரி வந்துவிட்டால் அந்த இரண்டாவது 300 கண்ணில் காட்டுவதற்கு மட்டும்தான்.

எதிரியின் உடம்பும் பேசும். கல்தோல் போர்த்திய சுரங்கத் தொழிலாளிகள் வெட்டுக்கு மசிய மாட்டார்கள். மண்டையில் சம்மட்டி இறங்கினால் நொறுங்குவார்கள். ரத்தம் பீறிட வைக்கும் ஆயுதங்கள் பெரும்புகழ் பெற்றவை. பல தடவை அடித்து ஒரு அளவு நிரம்பியதும் எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கு ஒரேயடியாகப் போய்விடும். எதிரி எவ்வளவு பெரியவனோ அவ்வளவு நஷ்டம் அவனுக்கு. ஆனால் ரத்தமே இல்லாத எலும்புக்கூட்டிடம் இந்தப் பருப்பு வேகாது. ஆட்டத்தின் கடைசியில் எதிர்ப்படும் எல்டன் பீஸ்டிடமும் வேகாது. தெய்வ அருள் ஏற்றிய வாள்களுக்கும் அங்கே மரியாதை குறைவுதான். நூறு மணி நேரம் துணை வந்த ஆயுதம் கடைசிச் சண்டையில் கைவிரிப்பது விந்தையான வேதனை.

இதே நிறுவனத்தின் 'டார்க் சோல்ஸ்' (2011) ஆடியவர்களுக்கு 'டிரேக் ஸ்வோர்ட்' மறந்திருக்காது. தொடக்கத்திலேயே ஒரு பாலம். அதன்மேல் நெருப்பு கக்கும் டிராகன். பாலத்துக்கு அடியில் நின்று, தொங்கும் வாலை அம்பால் அடித்துக்கொண்டே இருந்தால் வால் அறுந்து வாளாகக் கையில் வந்து சேரும். அந்தக் கட்டத்தில் அதற்கு நிகரான வாள் கிடையாது. எதிரிகள் வாழைத்தண்டாகச் சாய்வார்கள். ஆனால் அந்த வாளின் ரேங்க் கார்டு காலி. ஆட்டக்காரர் எவ்வளவு வளர்ந்தாலும் அது வளராது. பாதி ஆட்டம் தாண்டியதும், தெருமுனை எலும்புக்கூடுகூட அதன் அடியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் திருப்பி அடிக்கும். அதற்குள் வேறு ஆயுதம் எதையும் வளர்க்காமல் விட்டிருப்பார். இதை வடிவமைத்தவருக்குக் கொஞ்சம் குசும்பு உண்டு.

எல்டன் ரிங்கில் வளர்ப்பதற்குத்தான் கல். சாதாரண வாள் ஒன்றை 25-ஆம் படிக்கு ஏற்ற எட்டுத் தரங்களில் தரத்துக்கு 12 வீதம் 96 கற்கள், பிறகு அந்த டிராகன் கல் ஒன்று, ஆக 97. மந்திர குணம் கொண்ட விசேஷ ஆயுதங்களுக்குப் படிகளே பத்துதான். படிக்கு ஒரு கல், ஆக பத்தே கல். சிக்கனம் பார்ப்பவர் விசேஷ ஆயுதத்தின் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் சாதாரண வாளுக்கு வேறு வசதி உண்டு. இன்று அதில் நெருப்பு ஏற்றலாம், நாளை அதை எடுத்துவிட்டுப் பனி ஏற்றலாம். விசேஷ ஆயுதம் பிறந்தபடியேதான் இருக்கும். சுரங்கங்களில் ஒளிந்திருக்கும் மணிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலான கற்களை விலைக்கே வாங்கலாம் என்பது, பட்டியல் எழுதுகிறவர்கள் முதல் வரியில் சொல்ல வேண்டிய சங்கதி. கடைசி டிராகன் கல்லை மட்டும் எந்தக் கடையிலும் அப்படி வாங்க முடியாது.

இவ்வளவு கணக்கும் எதற்கு? 'சுலபம், நடுத்தரம், கடினம்' என்று தேர்ந்தெடுக்க இந்த ஆட்டத்தில் வழியே இல்லை. மியாசாகியின் ஆட்டங்கள் எல்லோருக்கும் ஒரே கஷ்டத்தைத்தான் வைக்கின்றன. பிடிவாதமான கொள்கை, அதற்கு ரசிகர்களும் உண்டு. ஆனால் கையில் எடுக்கும் ஆயுதம்தான் இங்கே சுலபம், கடினம் என்ற பொத்தானின் வேலையை ஓசைப்படாமல் செய்கிறது. பலமான வாளைத் தேடுகிறவர் சோம்பேறி என்று கேலி செய்யும் ஒரு கூட்டம் உண்டு. 'உண்மையான ஆட்டக்காரன்' வெறும் தடியால் அடித்தே ஜெயிப்பானாம். இருபது வயதில் விரல் நொடியில் பாயும். நாற்பத்தைந்து வயதில், ஆபீஸ் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், அதே விரல் யோசித்துத்தான் பாயும். மூட்டுவலிக்காரருக்கும் கை நடுங்குகிறவருக்கும் இன்னும் மெதுவாக. பெரிய கேடயத்துக்குப் பின்னால் பதுங்கியபடியே ஈட்டியால் குத்தலாம் என்ற வசதியை ஆட்டமே கொடுத்திருக்கிறது. அழகாக இருக்காது. எதிரி மட்டும் சரியாகச் செத்துப்போவான். அந்த மனிதர் ஊர் உலகத்துக்கு என்ன பாக்கி?

ஆகவே ஒரு ஆயுதத்தின் பலத்தைக் குறைப்பது, அதை நம்பியிருந்த ஒருவருக்கு ஆட்டத்தையே கடினமாக்குவதாகும். குறைத்ததற்கும் காரணம் இல்லாமல் இல்லை. இது தனியாக மட்டும் ஆடுவது அல்ல. ஒருவர் உலகத்துக்குள் இன்னொருவர் படையெடுத்து வரலாம். அங்கே எல்லோர் கையிலும் ஒரே வாள் என்றால் சண்டை சலித்துவிடும். 'ரிவர்ஸ் ஆஃப் ப்ளட்' என்ற ரத்த வாள் 2022-இல் பல மாதங்கள் அப்படித்தான் ஊரை ஆண்டது; ஆகஸ்டில் அதற்கும் கத்தரி விழுந்தது. படையெடுப்பவனைத் தண்டிக்கப் போய், வீட்டில் தனியே டிராகனோடு மல்லுக்கட்டுகிறவனையும் சேர்த்துத் தண்டித்ததுதான் தவறு. அந்த அக்டோபரில்தான், மனிதரோடு மனிதர் மோதும்போது ஒரு கணக்கு, மற்ற நேரத்தில் வேறு கணக்கு என்று பிரிக்கும் ஏற்பாட்டை நிறுவனம் கொண்டுவந்தது. முதல் மாதமே செய்திருக்கலாம். கெடுத்தது மட்டுமே கதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கி இறக்குவதற்குள் ஆளே போய்விடுவார் என்று ஒதுக்கப்பட்டிருந்த ராட்சத ஆயுதங்களுக்கு ஏப்ரல் திருத்தத்தில் வேகம் கூட்டினார்கள். மூலையில் கிடந்த சம்மட்டிகள் மறுபடி தோளேறின.

இந்திய வாசகருக்கு ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருக்கிறது. முட்டியில் மாட்டும் ஆயுத வரிசையில் ஒன்றின் பெயர் 'கட்டார்'. நம் கட்டாரியேதான்; குறுக்குக் கைப்பிடியைப் பற்றி நேராகக் குத்துவது. சவுக்கு வரிசையில் 'உருமி'. கேரளத்துக் களரியில் சுழலும் அதே உருமி, தமிழில் சுருள்வாள். ஜப்பானியர்கள் அதைச் சவுக்கில் சேர்த்ததில் பிழை இல்லை. எதிரி தன் ஆயுதத்தால் தட்டிவிட முடியாது என்பது சவுக்கு இனத்துக்கே உள்ள வரம். அடியின் பலமோ குறைவு; பெரிய எதிரிகள் தூசியைப் போலத் தட்டிவிட்டு முன்னேறுவார்கள். 'சிறந்த 10' எதிலும் உருமிக்கு இடம் கிடைப்பதில்லை. இருந்தும் அதைச் சுழற்றியே ஆட்டத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீச்சு பார்க்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

கேடயமும் ஈட்டியுமாக வந்தவருக்கு ஒரு இடத்தில் மட்டும் வழி அடைபடும். மலேனியா என்ற வீராங்கனை. அவள் வாள் எதிராளியின் மேல் படும்போதெல்லாம் அவளுக்கு இழந்த உயிர் ஊறும். கேடயத்தில் பட்டாலும் ஊறும். அதுவரை காப்பாற்றிய கேடயம் இப்போது எதிரிக்கு ஊட்டிவிடுகிறது. அவளைத் தொடாமலே ஆட்டத்தை முடித்துவிடலாம். அல்லது ரென்னாலா என்ற ராணியிடம் அரிய பொருள் ஒன்றைக் கொடுத்து, தன் குணங்களை அடியோடு மாற்றிக்கொண்டு, வேறு ஆயுதத்துடன் திரும்பலாம். மூன்றாவது வழி, தரையில் ஒளிரும் எழுத்தைத் தொட்டு முகம் தெரியாத ஒருவரை உதவிக்கு அழைப்பது. 2022-இல் 'நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒருவர் அப்படி வந்துகொண்டிருந்தார். தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு துணி, இரு கைகளிலும் ஒவ்வொரு ஜப்பானிய வாள்; உடம்பில் கவசம் கிடையாது. ஆயிரம் தடவைக்கு மேல் மற்றவர்களுக்காக அவளை வீழ்த்தினார். ஆட்டத்தை வெளியிட்ட பண்டாய் நாம்கோ அவருக்கு நிஜ வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது. அழைத்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேடயத்தைத் தாங்கிக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் கதவோரமாக நின்றால் போதும்.