சீறாவை மூடிவைக்கலாமா?

நம் மணியாச்சியின் சுற்றுவட்டாரத்தில் உள்ள எட்டயபுரத்தில்தான் உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை 5027 விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடியவர் அவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி தூண்ட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரிக்க, அக்காப்பியம் எழுந்தது. கடற்கரையின் கொடையும் கரிசல் மண்ணின் புலமையும் கைகோத்ததன் விளைவு அது.

அதில் ஆதாரமற்ற செய்திகள் உண்டென்று சிலர் ஒதுக்குகின்றனர். மார்க்கச் சட்டத்துக்குக் குர்ஆனும் ஹதீஸும் இருக்கின்றன. சீறாவை நாம் காப்பியமாகவே படிக்கிறோம். ஐயத்துக்குரிய இடங்களை ஆசிரியர் விளக்கலாம். நூலையே மூடிவைப்பது தீர்வன்று.

மதரஸாவில் வாரம் ஒரு பாடலைப் பொருளுடன் கற்பிப்போம். பெற்றோர் அதை வீட்டில் சொல்லச்சொல்லிக் கேட்கட்டும். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளிடம் நபிநேசம் தாய்மொழியிலும் வேரூன்றும்.