கழுவத் தெரிந்த பிள்ளைகள்

பிள்ளைகளுக்கான தொல்லியல் முகாம் என்று கோடை விடுமுறையில் இப்போது அடிக்கடி அறிவிப்பு வருகிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மணல் தொட்டி. உள்ளே பிளாஸ்டிக் எலும்பு, உடைத்துப் போட்ட பூந்தொட்டி, கில்ட் பூசிய காசு. எது அகப்பட்டாலும் கைதட்டல், ஒரு போட்டோ. நான் பார்த்த முகாமில் ஓர் அப்பா மகனிடமிருந்து கொத்துக்கரண்டியை வாங்கித் தானே மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். பையன் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேடிக்கைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது கற்றுத்தருவது புதையல் வேட்டை. அகழாய்வில் ஓர் இடத்தை ஒரே முறைதான் தோண்ட முடியும். எடுத்த பொருள் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை அங்கேயே எழுதாவிட்டால் பிறகு யாராலும் எழுத முடியாது. கீழடியில் நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது என்று ஒருவர் அளந்து குறித்திருந்ததால்தான் அதை வைத்து அந்த அடுக்கின் காலத்தைப் பேச முடிகிறது. குறிப்பு இல்லையென்றால் அது வெறும் அடுப்புக்கரி.

அளப்பதும் எழுதுவதும் பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரி ஒன்றில் நடந்த பயிற்சியில் பள்ளிப் பிள்ளைகளிடம் பானை ஓடுகளைக் கழுவக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் நிரம்பிய டப், பழைய டூத் பிரஷ். அழுந்தத் தேய்க்கக் கூடாது, கீறல் ஏதும் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் கட்டளை. மண் கரையக் கரைய ஓடு வெளியே சிவப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் தெரிந்தது. பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கறுத்துவிடுமாம். உட்புறத்தைத் தடவினால் சக்கரம் சுற்றிய வரிகள் விரல் நுனியில் தட்டுப்பட்டன. பிறகு வாய்விளிம்புத் துண்டுகளை, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த தாளில் வைத்து வளைவைப் பொருத்தினார்கள். எந்த வட்டத்தோடு ஒட்டி நிற்கிறதோ அதுதான் பானையின் வாய் அகலம். விரற்கடை அளவு ஓட்டிலிருந்து முழுப் பானையின் வாய்! “அப்போ இதுல எத்தனை பேருக்குச் சோறு வடிக்கலாம் சார்?” என்றாள் ஒரு சிறுமி. ஆசிரியர் சற்று யோசித்துவிட்டு, வாய் அகலம் மட்டும் போதாது, உயரமும் தெரிய வேண்டும் என்றார். அவள் உடனே அடிப்பக்கத் துண்டு இருக்கிறதா என்று தேடப் போய்விட்டாள்.

கீழடியே மாணவர்களால் தெரியவந்த ஊர்தான். 1970களில் அங்கே வரலாற்று ஆசிரியராக இருந்த வி. பாலசுப்பிரமணியம், கிணறு வெட்டியபோது வெளிவந்த பழம்பொருள்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்ட, அவற்றைச் சேர்த்துவைத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். முறையான அகழாய்வு தொடங்கியது 2015இல். நாற்பது வருடம் கழித்து! அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாக வந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எழுத்தோ குறியீடோ இல்லாத சாதாரண ஓடுகள் எந்த அகழாய்விலும் மூட்டை மூட்டையாகச் சேரும். அவற்றில் ஒரு மூட்டையை, தொல்லியல் படித்த ஒருவரின் மேற்பார்வையில், பிள்ளைகள் முன் பிரித்துவைக்கலாம். முகாம்களில் மணல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேப்பும் நோட்டும் வைக்கலாம். டூத் பிரஷ்ஷை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லலாம்.