பாலியின் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு 2024-ஆம் ஆண்டில் சுமார் 63 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். தீவின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 44 லட்சம்தான். வந்தவர்களில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் இந்தியர்கள். எனவே, அங்கே பொறுப்புடன் பயணம் செய்வது எப்படி என்ற கேள்வி நமக்கும் உரியது.

நெகிழிப் பொருள்களைத் தவிர்ப்பது, கோயில்களில் முறையாக உடுத்துவது என்பனவே வழக்கமான பதில்கள். இவை தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. பயணியின் பொறுப்பு தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

பாலி எரிமலைத் தீவு. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே எரிமலைகளின் சாம்பல்தான் வயல்களுக்கு வளமூட்டியது. பாத்தூர் எரிமலையின் பெருங்குழியில் அமைந்த ஏரியே தீவின் மிகப்பெரிய நீர்நிலை. அதிலிருந்து ஆறு எதுவும் புறப்படுவதில்லை. பாறைகளின் வழியே கசியும் நீர் கீழே ஊற்றுகளாக வெளிப்படுகிறது.

இந்நீரைப் பகிர்ந்துகொள்ள விவசாயிகள் உருவாக்கிய ஆயிரமாண்டுப் பழமையான அமைப்பு ‘சுபாக்’. எந்த வயலுக்கு எப்போது நீர், எப்போது தரிசு என்பதை நீர்க்கோயில்களை மையமாகக் கொண்டு அவர்கள் கூடி முடிவு செய்கின்றனர். 1970-களில் பசுமைப் புரட்சித் திட்டங்கள் இம்முறையைப் புறந்தள்ளித் தொடர்நடவை வலியுறுத்தியபோது, பூச்சித் தாக்குதல் பெருகி விளைச்சல் சரிந்தது. சுபாக் நிலப்பரப்பை 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

சிக்கல் இங்குதான் இருக்கிறது. சுபாக் கூட்டத்தில் மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டி நீச்சல் குளத்தை நிரப்பும் சொகுசு விடுதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வயல்கள் கட்டடங்களாக மாறும்போது மழைநீரைத் தேக்கும் நிலமும் குறைகிறது. 2025 செப்டம்பரில் பெய்த பெருமழையின் வெள்ளத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து, விளைநிலங்களில் புதிய விடுதிகளுக்கு அனுமதி இல்லை என்ற நிலைப்பாட்டை ஆளுநர் வாயன் கோஸ்தர் எடுத்தார்.

பயணிகளே வரக்கூடாது என்பது தீர்வாகாது. பெருந்தொற்று பரவிய 2020-இல் பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. அந்த வலியைத் தாங்கியவர்கள் ஓட்டுநர்களும் சமையலர்களும் சிறு வணிகர்களும்தான். வருவோரின் எண்ணிக்கையைவிட, வந்தவர்களுக்காக எடுக்கப்படும் நீருக்குக் கணக்கு இல்லாததே முதன்மையான கேடு.

வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 ரூபியா கட்டணம் 2024 பிப்ரவரி முதல் வசூலிக்கப்படுகிறது. நம் மதிப்பில் அது சுமார் 800 ரூபாய். பலர் அதைச் செலுத்துவதே இல்லை. வசூலை முறைப்படுத்தி, அதில் உரிய பங்கைச் சுபாக் அமைப்புகளுக்கு அளித்து, கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். விடுதிகள் எடுக்கும் நிலத்தடி நீரை அளந்து, அளவுக்கேற்ப விலை வாங்க வேண்டும். இவை அரசின் கடமைகள்.

பயணியின் கடமையும் சிறிதன்று. கட்டணத்தைத் தவறாமல் செலுத்தலாம்; தனிக் குளம் கொண்ட வில்லாவைத் தவிர்த்து உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் தங்குமிடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்; முன்பதிவுக்கு முன் விடுதியின் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பலர் கேட்கத் தொடங்கினால், விடுதிகள் பதில் சொல்லியே தீர வேண்டும்.

‘நியெப்பி’ என்னும் மௌன நாளில், ஆண்டுக்கு ஒருமுறை, விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடும் தீவு பாலி. வருவாய்க்கும் மேலான ஒன்று உண்டு என்று முடிவெடுக்கும் துணிவு அதற்குப் புதிதல்ல. அந்தத் துணிவு மற்ற நாள்களில் தண்ணீருக்கும் நீள வேண்டும். விருந்தினராகச் செல்லும் நாம் அதற்குத் தடையாக இருக்கக் கூடாது.