"எழுத்துல கொடுங்க" என்று கேட்க ஒருவர் வேண்டும்

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2ஆம் தேதி அளித்த ஒரு தீர்ப்பு, நம் ஒவ்வொருவரின் கையில் இருக்கும் செல்போனையும் பற்றியது. வந்த வேகத்தில் அது செய்தியிலிருந்து மறைந்துபோனதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

வழக்கு பழையது. தனியார் கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநரிடமிருந்து வருமான வரித் துறை அதிகாரி ஒருவருக்கு ஐம்பது லட்ச ரூபாய் லஞ்சம் என்று 2011இல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. அந்த இயக்குநரின் செல்போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து இருக்க வேண்டும்; இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி ஒருவருடைய பேச்சை அரசு இடைமறித்துக் கேட்கலாம். குற்றத்தைத் துப்பறிய உதவும் என்பது மட்டும் போதாது என்றார் நீதிபதி. கேட்டுப் பதிவு செய்ததையும், விதி சொல்கிறபடி மறு ஆய்வுக் குழுவின் முன் யாரும் வைத்திருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். செய்தியைப் படித்துவிட்டு, "லஞ்சக்காரனைப் பிடிக்க போனைக் கேட்டா என்னம்மா தப்பு? ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லாதவன் ஏன் பயப்படணும்?" என்று கேட்டார். நாட்டில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி இது. தீர்ப்புக்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், ஊழல் பெருகினால் நாட்டின் பொருளாதாரமே பாதிக்கப்படும் என்ற கோணத்தில், வேறொரு வழக்கில் ஒட்டுக்கேட்பை ஏற்றுக்கொண்டது. ஆக, படித்தவர்கள் மத்தியிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. என் கருத்தைச் சொல்ல எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. நான் தொலைபேசித் துறையில் ட்ரங்க் ஆபரேட்டராக வேலை பார்த்தவள்.

எஸ்.டி.டி. வராத காலம். டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரத்தின் எக்ஸ்சேஞ்ச். நீளமான போர்டுக்கு முன்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். விளக்கு எரிந்தால் வயரை எடுத்து ஜாக்கில் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று வகை. இன்னார்தான் பேச வேண்டும் என்றால் பி.பி. கால். மூன்று நிமிடம் ஆனதும் உள்ளே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?" என்று கேட்க வேண்டும். லைன் உயிரோடு இருக்கிறதா, பேசி முடித்துவிட்டார்களா என்று பார்க்கவும் நடுவில் கீயைத் தட்டிக் காதில் வாங்க வேண்டியிருக்கும்.

கீயைத் தட்டும்போது மெல்லிய ஒரு 'டிக்' சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் மாறும். அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பம்பாயில் வேலை பார்க்கும் மகனிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று ஊர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பெண்ணுக்கு உடம்பில் என்ன கோளாறு என்று டாக்டர் சொன்னதை விவரித்துக்கொண்டிருந்தவர், "சரி, லெட்டர்ல எழுதறேன்" என்று வைத்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சீரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த அப்பாவின் குரல் தேய்ந்துபோகும். இவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை. எதிர்வீட்டுக்குத் தெரியக் கூடாத கஷ்டம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆசிரியருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்கள்தான் சார், அந்த 'டிக்' சத்தத்துக்கு முதலில் வாயை மூடினார்கள். இன்றைக்கு அந்தச் சத்தமும் வருவதில்லை.

எங்களுக்குச் சட்டம் கடுமையாக இருந்தது. அதே 1885 சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, துறை ஊழியர் ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாகச் செய்தியை இடைமறித்தாலோ, கேட்டதை வெளியே சொன்னாலோ மூன்று ஆண்டு வரை சிறை. வேலையில் சேரும்போதே அதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் போர்டில் உட்கார வைப்பார்கள். வெள்ளைக்காரன் தன் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட சட்டம் அது. ஆனாலும் போர்டில் உட்கார்ந்திருந்த எங்கள் வாயை அது கட்டிப்போட்டது.

ஒருநாள் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஒருவர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். ஊரில் நெல் மண்டி வைத்திருந்த ஒருவருக்கு யார் யார் போன் செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று "சும்மா கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். எங்கள் சூப்பர்வைசர் அம்மா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "சார், எழுத்துல கொடுங்க. மேலிடத்துலேர்ந்து ஆர்டர் வரட்டும், நாங்களே ஏற்பாடு பண்றோம்" என்றார். இன்ஸ்பெக்டர் முறைத்துவிட்டுப் போனார். எழுத்தும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை. அந்த அம்மாள் பெரிய படிப்புப் படித்தவரில்லை, அரசியல் சாசனம் பற்றிப் பேசியும் நான் கேட்டதில்லை. ஆனால் கேட்கிறவருக்கும் கேட்கப்படுகிறவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக நின்றார். நாடு முழுவதும் ஒட்டுக்கேட்பு விஷயத்தில் இப்போது இல்லாமல்போனது அந்த மூன்றாவது ஆள்தான்.

எப்படி இல்லாமல்போனது? முன்பெல்லாம் ஒரு எண்ணைக் கேட்க வேண்டுமென்றால் தொலைபேசி நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிக்கு உத்தரவு எழுத்தில் போக வேண்டும். அவர் அதைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் இணைப்புக் கொடுப்பார். மத்திய அரசின் சி-டாட் அமைப்பு உருவாக்கிய மத்தியக் கண்காணிப்பு அமைப்பு அந்த நடு ஆளைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. அரசு அமைப்பே நேரடியாக இணைத்துக்கொள்ளலாம். ரகசியம் கசியாது, வேலை சீக்கிரம் முடியும் என்பது அரசு சொல்லும் காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் "எழுத்துல கொடுங்க" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அப்படியானால் உத்தரவு போடுவது யார்? மத்தியில் உள்துறைச் செயலாளர், மாநிலத்தில் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்க்கும் மறு ஆய்வுக் குழுவில் இருப்பது யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் சட்டத் துறை, தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர்கள். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் இன்னும் இரண்டு செயலாளர்கள். போடுகிறவரும் அரசு அதிகாரி, சரிபார்க்கிறவர்களும் அரசு அதிகாரிகள். நீதிபதி எங்கேயும் இல்லை.

இந்த ஏற்பாடு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அரசியல்வாதிகளின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது பற்றி சிபிஐ தயாரித்த அறிக்கை 1991இல் 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில் வெளியானது. சில எண்களுக்கு உத்தரவே காட்ட முடியவில்லை, பதிவேடுகள் ஒழுங்காக இல்லை என்று அதில் இருந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று சொல்லி, சில நிபந்தனைகளை விதித்தது. நீதிபதியிடம் முன்அனுமதி பெற வேண்டும் என்று மனுதாரர்கள் கேட்டதை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தில் அப்படி இல்லை, அரசு விதி செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அரசு விதி செய்ததோ 2007இல். அன்றைக்குத் திறந்துவிட்ட வாசல் இன்றுவரை மூடப்படவில்லை.

அந்த மறு ஆய்வுக் குழு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, மத்திய அரசே நியமித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கொடுத்த அறிக்கையைப் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த விவரப்படி மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போட்டுவந்தது. மறு ஆய்வுக் குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியென்றால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும்; இது நடக்கக்கூடிய காரியம் இல்லை என்று ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது. உத்தரவு ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 15,000 உத்தரவுக்கு 250 மணி நேரம் ஆகும். நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருக்கும் மூன்று அதிகாரிகள் வேறு வேலையே பார்க்காமல், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று ஒரு மாதம் உட்கார வேண்டும். சென்னை வழக்கில் ஒட்டுக்கேட்ட விவரம் குழுவின் முன் போகவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. போயிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்த வழக்கின் இயக்குநரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதால்தான் தன் போன் கேட்கப்பட்டது என்று தெரிந்துகொண்டார், நீதிமன்றம் போனார். வழக்கே இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லப்போவதில்லை. பதிவேடுகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. எதையும் தெரிந்துகொள்ள முடியாதவர் எந்த நீதிமன்றத்தில் போய் எதைக் கேட்பார்?

நான் ஒட்டுக்கேட்பே கூடாது என்று சொல்கிறவள் இல்லை. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்து 58 பேர் செத்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். 2008இல் மும்பையைத் தாக்கியவர்களும் எல்லைக்கு அப்பாலிருந்து அவர்களை இயக்கியவர்களும் பேசியதை நம் அதிகாரிகள் இடைமறித்துக் கேட்டார்கள். அந்த உரையாடல்கள் பிறகு வழக்கில் முக்கியமான சாட்சியமாக நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் கேட்கத்தான் வேண்டும். அங்கே யாரைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்பதில் சந்தேகம் இல்லை. எல்லோருடையதையும் அள்ளிச் சேர்ப்பது வேறு விஷயம். அதைச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. கோடிக்கணக்கான மக்கள் யாரோடு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்ற விவரத்தை மொத்தமாகச் சேகரித்தது 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் மூலம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், அந்நாட்டு அரசின் அந்தரங்க உரிமைக் கண்காணிப்பு வாரியம் அதை ஆராய்ந்து, எந்த ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையும் இந்தச் சேகரிப்பு மாற்றியதாகத் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2015இல் அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தச் சட்டம் வந்தது.

பாதுகாப்பு என்ற பெயரில் வரும் அதிகாரம் பாதுகாப்போடு நிற்பதில்லை. அரசியல்வாதிகள், அதிகாரிகளின் போனை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே 1988இல் பதவி விலகினார். 2021இல் பெகாசஸ் என்ற வேவு மென்பொருள் விவகாரம். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீங்கு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு குழுவோடு ஒத்துழைக்கவில்லை என்பதைத் தலைமை நீதிபதியே திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். உச்ச நீதிமன்றம் நியமித்த குழுவுக்கே பதில் சொல்லாதவர்கள் எனக்கும் உங்களுக்குமா சொல்லப்போகிறார்கள்?

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகாவது சட்டம் மாறும் என்று நான் எதிர்பார்த்தேன். 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 1885 சட்டத்தின் அதே வாசகம் 20ஆவது பிரிவில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் அதே உள்துறைச் செயலாளர், அதே செயலாளர்கள் குழு. 138 ஆண்டுகள் கழித்து ஒரு சட்டத்தைப் புதிதாக எழுத வாய்ப்புக் கிடைத்தது. அதிலும் நீதிபதிக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

செய்ய முடியாத காரியமா இது? அமெரிக்காவில் 1968 முதல் குற்ற வழக்குகளில் போனைக் கேட்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். கேட்டு முடித்தபின் 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித் துறை ஆணையர் ஒப்புதல் தந்தால்தான் அது செல்லும். அந்த நாடுகளிலும் தவறு நடக்கிறது. ஆனால் தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு வழி இருக்கிறது. இங்கே அவசரம் என்றால் ஒரு வாரம் அதிகாரியே அனுமதி கொடுத்துவிட்டுப் பிறகு நீதிபதியிடம் வரட்டும். அதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். விசாரணை முடிந்து ஆபத்து நீங்கியபின், உங்கள் போனைக் கேட்டோம், இந்தக் காரணத்துக்காகக் கேட்டோம் என்று ஒரு கடிதம் அனுப்பட்டும். ஆண்டுக்கு எத்தனை உத்தரவு, எத்தனை நிராகரிப்பு என்ற எண்ணிக்கையாவது நாடாளுமன்றத்தில் வைக்கப்படட்டும். எண்ணிக்கையைச் சொன்னால் எந்த எதிரிக்கும் ரகசியம் போய்விடாது.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரையும் மாநிலங்களவைக்கு 18 பேரையும் அனுப்பியிருக்கிறோம். எந்தக் கட்சியாக இருந்தாலும் ஆட்சியில் இல்லாதபோது தங்கள் போன் ஒட்டுக்கேட்கப்படுவதாகப் புகார் சொல்கிறார்கள்; ஆட்சிக்கு வந்தபின் மறந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவராவது 20ஆவது பிரிவுக்குத் திருத்தம் கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டுக்கேட்பு உத்தரவில் நீதிபதியின் கையெழுத்து வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா, இல்லையா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.