காந்தியைச் சாட்சிக்கு அழைத்தவருக்கு

புனேயை முழுமைச் சிகிச்சையின் தலைநகரம் என்று நிறுவ, நண்பர் தம் கட்டுரையில் முதலில் கூண்டில் ஏற்றுவது காந்தியை. 1946இல் உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கியவர் அவர். ஆகவே மண்பட்டிக்கும் தொட்டிக் குளியலுக்கும் மகாத்மாவின் முத்திரை உண்டு. ஆகவே மருத்துவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் வாதம். சாட்சியை அழைக்கிறவர் குறுக்கு விசாரணைக்கும் தயாராக வர வேண்டாமா?

அதே புனேயில், 1924 ஜனவரி 12 இரவு, எரவாடா சிறையிலிருந்து சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட காந்திக்குக் குடல்வால் அறுவை நடந்தது. கத்தியைப் பிடித்தவர் கர்னல் மேடக். எந்த அரசு காந்தியைச் சிறையில் வைத்திருந்ததோ அந்த அரசின் மருத்துவர். நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பக்கத்திலிருந்து ஒப்புதல் அறிக்கையை எழுதித் தர, காந்தி நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். 1909இல் ‘இந்து சுயராஜ்யம்’ நூலில் மருத்துவமனைகளைப் பாவம் வளர்க்கும் இடங்கள் என்று சாடிய அதே மனிதர், கொள்கையைக் கட்டிக்கொண்டு சாகாமல் கையெழுத்துப் போட்டார் என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. நண்பர் இதைத் தெரியாமல் விட்டிருந்தால் அது படிப்பின் குறை. தெரிந்தே விட்டிருந்தால்?

உருளி காஞ்சனையாவது ஒழுங்காகப் படித்தாரா? காந்தி சொல்லி அங்கேயே தங்கி ஆசிரமத்தை வளர்த்த மணிபாய் தேசாய், 1967இல் அதே ஊரில் பைஃப் அமைப்பைத் தொடங்கி, உறைவிந்து, செயற்கைக் கருவூட்டல், கலப்பினப் பசு என்று ஆய்வகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உழவர் வீட்டுக் கொட்டிலுக்குப் போனார். மாட்டுக்கு எது பலன் தரும் என்று சோதித்துப் பார்த்துச் செய்த மனிதரின் ஊரைக் காட்டி, மனிதனுக்குச் சோதனையே வேண்டாம் என்று வாதிடுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, ‘அவர்கள் உறுப்பைப் பார்க்கிறார்கள், நாங்கள் நோயின் வேரைப் பார்க்கிறோம்’ என்ற தேய்ந்த பல்லவி. கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, மனிதர்களும் காய்ச்சலில் மடிந்தபோது, 1957இல் அதற்குக் காரணமான வைரஸையும் அதைச் சுமக்கும் உண்ணியையும் கண்டறிந்தவர்கள் புனே வைரஸ் ஆய்வு மையத்தார். உண்ணியைத் தனித்தனியாகப் பொறுக்கி, அரைத்து, எலிக்குச் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருப்பதற்குப் பெயர்தான் வேரைத் தேடுவது. நாடியைப் பிடித்த அரை நிமிடத்தில் ‘உங்கள் கோபம் ஈரலில் தங்கியிருக்கிறது’ என்று அறிவிப்பதில் என்ன வேர் இருக்கிறது?

பக்கவிளைவே கிடையாதாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் குடித்த ஆறு பேரின் கல்லீரல் கெட்டதை, 2021இல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளும் கெடுதலும் செய்யக்கூடும் என்ற பாலபாடம்கூடவா எட்டவில்லை?

மனநலத்தைப் பற்றி அவர் எழுதியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. யோகாவோடும் மூச்சுப் பயிற்சியோடும் எனக்குச் சண்டையில்லை. முதுகுவலிக்கும் தூக்கத்துக்கும் லேசான மனச்சோர்வுக்கும் அவை துணை நிற்கும். அந்த யோகாவைப் புனேயிலிருந்து உலகுக்குக் கற்பித்த பி.கே.எஸ். ஐயங்கார், 2014இல் உடல் தளர்ந்தபோது மருத்துவமனையில்தான் சேர்க்கப்பட்டார். யோகா அதனால் சிறுமைப்பட்டுவிடவில்லை. ஆனால் மனச்சிதைவு உள்ளவரிடம் மாத்திரையை நிறுத்தி ஒலிக்கிண்ணத்துக்கு முன் உட்காரச் சொல்வது அப்பட்டமான கொடுமை. மருந்தை ஒதுக்கிவிட்டு ஆன்மிகக் குணத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களின் கதி என்னவென்று ஏர்வாடி நமக்குக் காட்டியது; 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே பிடித்த தீயில் 28 பேர் செத்தார்கள், காலில் சங்கிலியோடு.

குணமானால் சிகிச்சையின் மகிமை. ஆகாவிட்டால் நோயாளி ‘மனத்தைத் திறக்கவில்லை’. தோற்கவே முடியாதபடி கட்டப்பட்ட இந்த ஏற்பாட்டில் காசும் கொடுத்து, நோயையும் சுமந்து, கடைசியில் குற்றவாளியாகவும் ஆகிறவர் யார்? மார்புக் கட்டியோடு வந்த பெண்ணிடம் ‘நீங்கள் யாரையோ மன்னிக்கவில்லை’ என்று சொல்லும் வாய்க்கு, அவள் இழந்த மாதங்களுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு உண்டா இல்லையா?

கட்டுரையின் அடியில் பத்து நாள் முகாமின் கட்டணமும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன. நீரிழிவை ‘வேரோடு நீக்கும்’ முகாமாம். நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்துக்கும் மாய வைத்தியத்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. புற்றுநோயும் வலிப்பும்கூட அதன் பட்டியலில் உண்டு. எனக்கு மறுப்பு எழுத உட்காரும் முன் நண்பர் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.