பச்சைத் தகடும் தண்ணி லாரியும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, எண்கள் நிறைய வரும். கும்மியடிக்க மட்டும் வந்தவங்க நேரா கடைசிப் பத்திக்குப் போயிடலாம். அங்க உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு :-)

ஓ.எம்.ஆர். பக்கம் பொட்டி தட்டுற எல்லாருக்கும் இந்தத் தகடு தெரிஞ்சிருக்கும். வரவேற்பறையில, செக்யூரிட்டி அண்ணன் பையைத் திறக்கச் சொல்ற மேஜைக்குப் பின்னால, வட்டமா ஒண்ணு மாட்டியிருப்பாங்க. நடுவுல இலை, ஓரத்துல 'பிளாட்டினம்' இல்லைன்னா 'கோல்ட்'. பசுமைக் கட்டிடமாம். வெளிநாட்டுலேர்ந்து கிளையண்ட் வந்தா அங்க நிக்க வெச்சுதான் முதல் போட்டோ.

என் கட்சி ரொம்ப சாதாரணமானது. அந்தத் தகட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பலகை மாட்டணும். போன வருசம் இந்தக் கட்டிடம் எத்தனை யூனிட் கரண்ட் எடுத்துச்சு, எத்தனை லாரி தண்ணி வாங்குச்சு, ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் ஊத்துச்சு. அவ்வளவுதான். அதை மாட்ட மனசில்லைன்னா முதல் தகட்டையும் கழட்டி உள்ளே வெச்சிடணும்.

"ஏன்யா, நல்லது செய்றவனையும் விட மாட்டியா"ன்னு கேக்குறவங்களுக்காக இந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன்.

நம்ம ஊர்ல பரவலா இருக்கறது அமெரிக்காக்காரங்களோட லீட், அப்புறம் சி.ஐ.ஐ. 2001-ல ஆரம்பிச்ச இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சிலோட சான்று. டெரி நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து கொண்டுவந்த க்ருஹாவும் இருக்கு. லீட் 2009 பதிப்பை எடுத்துக்குவோம். மொத்தம் 110 பாயிண்ட். 40 எடுத்தா பாஸ், 60-க்கு கோல்ட், 80-க்கு பிளாட்டினம். கரண்டை மிச்சம் பிடிக்கிறதுக்கு அதிகபட்சம் 19 பாயிண்ட். அந்த மிச்சம் மீட்டரைப் பார்த்துச் சொல்றதில்ல. இதே கட்டிடம் சாதாரணமா கட்டியிருந்தா எவ்வளவு எடுத்திருக்கும்னு கம்ப்யூட்டர்ல ஒரு கற்பனைக் கட்டிடத்தை ஓட்டி, நம்மளோடதையும் அதே மாதிரி ஓட்டி, கழிச்சுப் பாக்கறது. ரெண்டுமே சிமுலேஷன்தான்.

சைக்கிள் நிறுத்த இடமும் குளிக்க ஷவரும் வெச்சா ஒரு பாயிண்ட். ஓ.எம்.ஆர்.ல மே மாசம் சைக்கிள் மிதிச்சு ஆபீஸ் வர்ற மகராசன் யாராவது இருந்தா அவர் காலைத் தொட்டுக் கும்பிடறேன். புகை கம்மியா விடற வண்டிகளுக்குன்னு பார்க்கிங் ஒதுக்கினா 3 பாயிண்ட். சதுப்பு நிலத்துலயும் அதை ஒட்டியும் கட்டாம இருந்தா எவ்வளவு தெரியுமா? அதுவும் ஒரே ஒரு பாயிண்ட்தான், அதுவும் கட்டாயமில்ல. விட்டுட்டு வேற எங்கயாவது தேத்திக்கலாம். பள்ளிக்கரணைக்குப் பக்கத்துல வேலை பாக்கறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. அந்தச் சதுப்பு நிலத்துல மிஞ்சினதுக்கு 2022-ல ராம்சர் அந்தஸ்து கிடைச்சுது. மிஞ்சினதுக்கு!

நம்ம தொழில் பாஷையில சொன்னா, டிசைன் டாக்குமென்டைப் படிச்சுட்டு 'சூப்பர்'னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, புரொடக்‌ஷன்ல அது எப்படி ஓடுதுன்னு யாருமே லாக் பாக்காத கதை. நாம அப்படி ஒரு ரிலீஸ் பண்ணினா மேனேஜர் சும்மா விடுவாரா?

இது என் சொந்தப் புலம்பல் மட்டுமில்ல. கனடாவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆளுங்க 2009-ல 100 லீட் கட்டிடங்களோட நிஜமான மின்கணக்கை எடுத்துப் பாத்தாங்க. சராசரியா பாத்தா சதுர அடிக்கு 18-லேர்ந்து 39 சதவீதம் வரைக்கும் கம்மி. நல்ல விஷயம்தான், மறைக்கல. ஆனா அதே கணக்குல 28-லேர்ந்து 35 சதவீதக் கட்டிடங்கள் சாதாரணக் கட்டிடத்தைவிட அதிகமா சாப்பிட்டிருக்கு! இன்னொரு கூத்து, வாங்கின பதக்கத்துக்கும் மீட்டர் காட்டின எண்ணுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல. சில்வரா கோல்டாங்கறதை வெச்சு எதையும் சொல்ல முடியல. ஓபர்லின் கல்லூரிப் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்ட் அதே தரவை வேற மாதிரி கணக்குப் போட்டு, மின்நிலையத்துல எரியறதையும் சேத்தா மிச்சமே இல்லைன்னார். அவர் சொன்னதை அப்படியே ஒத்துக்க வேணாம். ஆனா சண்டை தீரணும்னா மீட்டர் கணக்கு வெளியில வரணும், இல்லையா?

இப்ப நம்ம தெருவுக்கு வருவோம். சென்னை இருக்கறது 13 டிகிரி வடக்குல. ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் சூரியன் நேரா உச்சி மண்டைக்கு மேல நிக்கும். சாயங்காலம் மேற்குச் சுவரைப் பொசுக்கும். இந்த ஊர்ல தரையிலேர்ந்து மொட்டைமாடி வரைக்கும் கண்ணாடி போர்த்தி, ஒரு ஜன்னல்கூடத் திறக்க முடியாம அடைச்சு, உள்ளே வர்ற சூட்டை ஏசி போட்டு வெளியே தள்றோம். கண்ணாடி கூசுதுன்னு திரையை இழுத்து விட்டுட்டு பகல்லயே டியூப் லைட் போட்டுக்கறோம். பகல் வெளிச்சத்துக்குன்னு வாங்கின பாயிண்ட் மட்டும் பத்திரமா தகட்டுல இருக்கு.

ஏசி எவ்வளவுன்னா, மே மாசக் கத்திரி வெயில்ல என் பக்கத்து சீட்டு நண்பர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் கோட் அடிக்கிறார். மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பு 2018-லயே 24 டிகிரியில வைங்கப்பா, ஒரு டிகிரி ஏத்தினா 6 சதவீதம் மிச்சம்னு சொல்லிச்சு. 2020-லேர்ந்து கடையில விக்கிற ஸ்டார் போட்ட ரூம் ஏசியெல்லாம் 24-லதான் ஆரம்பிக்கும். எங்க தளத்துல 21. "ஜி, கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்களேன்"னா, "சென்ட்ரலைஸ்டு சிஸ்டம் ஜி, நம்ம கையில இல்ல"ன்னு பதில் வரும். யார் கையிலதான் இருக்கு?

தண்ணிக்கு வாங்க. 2019 கோடையில பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டப்ப, ஓ.எம்.ஆர். கம்பெனிகள் 'வீட்டுலேர்ந்தே வேலை பாருங்க'ன்னு மெயில் போட்டது ஞாபகம் இருக்கா? கழிவறைக்குத் தண்ணி இல்ல. தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு 2003-லயே எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாயிடுச்சு. பசுமைக் கட்டிடங்கள்ல அதுக்கு மேல மறுசுழற்சியும் இருக்கு. எல்லாம் இருந்தும் லாரி வரலைன்னா மூணு நாள் தாங்காது.

எங்க அலுவலகத்துல லாரி முன்வாசல் வழியா வராது. கிளையண்ட் கண்ணுல படாத பின் கேட்டு. ஒரு நாள் அங்க டீ குடிச்சுக்கிட்டிருந்தப்ப டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "எங்கேர்ந்துண்ணே தண்ணி?" "கேளம்பாக்கம் தாண்டி உள்ள, தம்பி. ஒரு விவசாயி கெணறு. அவரு இப்ப பயிர் வெக்கறதில்ல, தண்ணிதான் விக்கறாரு. பக்கத்துக் காட்டுக்காரங்களுக்குத்தான் போர்ல தண்ணி கீழ போயிடுச்சு, திட்டறாங்க." 12,000 லிட்டர் லாரி அது. ஒரு நாளைக்கு எத்தனை நடைன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "வாட்ச்மேனைக் கேளுங்க, அவருதான் நோட்டுல எழுதறாரு"ன்னார். ஆக, நோட்டு இருக்கு! எண் இருக்கு. தகட்டுப் பக்கத்துல இல்ல, பின் கேட்டுல இருக்கு.

கரண்டுக்கும் இதே மாதிரி ஒரு பின் கேட்டு உண்டு. அதுக்குப் பேரு எண்ணூர். வட சென்னை அனல்மின் நிலையத்தோட சாம்பல் குழாய் ஒழுகி கொசஸ்தலையாத்து முகத்துவாரத்துல சேந்து, அங்க மீன், இறால் பிடிக்கிறவங்க பிழைப்பு என்னாச்சுன்னு நிறைய எழுதியாச்சு. நம்ம கரண்டு எல்லாம் நிலக்கரியில வர்றதில்ல, காற்றாலை இருக்கு, சூரிய மின்சாரம் இருக்கு, தெரியும். ஆனா ராத்திரி யாருமே இல்லாத தளத்துல ஏசி ஓடும்போது எங்கயோ ஒரு இடத்துல ஏதோ எரியுது.

இதெல்லாம் நம்ம நாட்டுல நடக்காத காரியம்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. ஹைதராபாத்ல சி.ஐ.ஐ.-யோட பசுமை மையம் 2003-லயே லீட் பிளாட்டினம் வாங்கிச்சு, அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல். 2004-ல கலாம் திறந்து வெச்சார். நடுவுல முற்றம், ஜாலிச் சுவர், மேல புல்தரை. நம்ம தாத்தா வீட்டு சமாச்சாரம்தான். அதே ஊர்ல இன்ஃபோசிஸ் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே கட்டிடத்தைச் சரிபாதியாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி, இன்னொரு பாதிக்கு கூரை கான்கிரீட்டுக்குள்ள குழாய் ஓட்டிக் குளிர்ந்த தண்ணியால குளுமை. தனித்தனி மீட்டர். தண்ணிக்குழாய்ப் பாதி குளிரூட்டறதுக்கு எடுத்த மின்சாரம் 34 சதவீதம் கம்மின்னு 2014-ல அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கப் பத்திரிகையில கட்டுரையாவே போட்டாங்க. இதுதான்யா இன்ஜினியரிங்! அளந்தாங்க, ஊருக்குச் சொன்னாங்க.

அளவுகோல் இல்லாமயும் இல்ல. எரிசக்தித் திறன் அமைப்பு 2009-லயே ஃபிரிட்ஜுக்குப் போடற மாதிரி ஆபீஸ் கட்டிடத்துக்கும் ஸ்டார் கொண்டு வந்துச்சு. நிஜ பில்லை வெச்சு, வருசத்துக்கு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட்னு கணக்கு. அந்த அட்டவணைப்படி சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, முழுக்க ஏசி போட்ட பகல்நேர ஆபீசுக்கு 175-லேர்ந்து 200 வரைக்கும் ஒரு ஸ்டார், 100-க்குக் கீழ போனா 5 ஸ்டார். ஒரு பேச்சுக்கு 20,000 சதுர மீட்டர் கட்டிடம், மாசம் 3 லட்சம் யூனிட்னு வைங்க. வருசத்துக்கு 36 லட்சம், வகுத்தா 180. ஒரே ஸ்டார். ஆறாங்கிளாஸ் பையன் போடற கணக்கு. ஆனா இது விருப்பப்பட்டா மட்டும்தான். பிளாட்டினம் கிடைக்கும்போது ஒத்தை ஸ்டாருக்கு எவன் வரிசையில நிப்பான்?

நியூயார்க்ல பெரிய கட்டிடங்கள் வருசா வருசம் மின், தண்ணிக் கணக்கை வெளியிடணும்னு 2009-ல சட்டம் வந்துச்சு. 2020-லேர்ந்து வாசல்லயே மதிப்பெண் எழுத்து ஒட்டணும். ஆஸ்திரேலியாவுல பெரிய ஆபீஸ் இடத்தை வாடகைக்கோ விலைக்கோ விடணும்னா, நிஜப் பயன்பாட்டை வெச்சுக் கொடுத்த ஸ்டாரைக் காட்டணும். 2010 சட்டம். இங்க செபி 2022-23-லேர்ந்து முதல் 1000 பட்டியலிட்ட கம்பெனிகளை மின்சாரம், தண்ணிக் கணக்கு கேக்குது, நல்லது. ஆனா அது மொத்தக் கம்பெனிக்கும் சேத்து ஒரே எண். நான் உக்காந்திருக்கற கட்டிடம் அந்தக் கூட்டத்துல காணாமப் போயிடும்.

"அட, ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு இது பரவாயில்லையே மச்சி"ன்னு டீக்கடையில ஒருத்தன் கேட்டான். பரவாயில்லைதான். எல்.ஈ.டி., சென்சார் குழாய், மறுசுழற்சி ஆலை எதையும் நான் கழட்டச் சொல்லல. இயங்கற கட்டிடத்துக்குன்னு தனிச் சான்று இருக்கு, அப்பப்ப புதுப்பிக்கணும், அதுவும் தெரியும். எத்தனை பேர் அதுக்குப் போறாங்க, போனாலும் எண்ணை எங்களுக்குக் காட்டறாங்களாங்கறதுதான் கேள்வி. வருசத்துக்கு ஒரு தடவை மார்ச்ல ஒரு மணி நேரம் விளக்கை அணைச்சு மெழுகுவத்தி ஏத்தற கம்பெனி, மிச்சம் 8,759 மணி நேரக் கணக்கை ஏன் மறைக்கணும்?

எங்க ஃபெசிலிட்டிஸ் ஆளுங்களுக்கு மெயில் போட்டேன். மூணே கேள்வி: மாச யூனிட், கட்டிடப் பரப்பு, லாரி எண்ணிக்கை. நாலு நாள் கழிச்சு, 'உங்கள் பசுமை ஆர்வத்துக்கு நன்றி'ன்னு பதில் வந்துச்சு. கூடவே என் சீட்டுக்கு ஒரு துணிப்பையும் துளசிச் செடியும். அவ்வ்வ்... திரும்ப மெயில் போட்டேன், மேனேஜரையும் சேத்து. இப்ப 'ரகசியத் தகவல் கொள்கைப்படி பகிர இயலாது'ன்னு வந்திருக்கு. கிளையண்டோட சோர்ஸ் கோடும் கக்கூஸுக்கு வந்த தண்ணிக் கணக்கும் ஒரே பெட்டியில போல.

சரி, உங்க வேலை. அதே மூணு கேள்வியை உங்க ஆபீசுலயும் கேளுங்க. மெயில் போட பயமா இருந்தா பின் கேட்டு நோட்டை எட்டிப் பாருங்க. 12-ஆல பெருக்கி சதுர மீட்டரால வகுத்து, எண்ணை மட்டும் பின்னூட்டத்துல போடுங்க, கூடவே தகடு என்ன கலர்னு ஒரு வார்த்தை. கம்பெனி பேர் வேணாம், அனானியாவே போடலாம். ஒரு இருபது எண் சேந்தா எக்செல்ல போட்டு அடுத்த பதிவுல வரிசைப்படுத்திடறேன். துளசிச் செடி கிடைச்சவங்களும் சொல்லுங்க :-)